ஒருவழித் தூரம்

மூன்று மென்பொருள்களில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும்.
ஒன்று மேசையிலேயே கிடக்கிறது,
தை மாதம் மலிவுக்கடையில்
வெங்காயப் பையோடு சேர்த்து எடுத்த குறுந்தட்டு.
நாலு யூரோ தொண்ணூற்றொன்பது சதம்.
வீட்டுக்கு வந்தபிறகுதான் பார்த்தேன்,
என் லாப்டொப்புக்கு அதை விழுங்க வாயில்லை.

மற்றது அரசாங்கத்தினுடையது, சதமும் வேண்டாம்.
பதிவுசெய்தால் இரகசிய எண் தபாலில் வரும்.
வந்தது.
கடிதப்பெட்டியில் இன்னும் இரண்டு பெயர் இருப்பதால்
தபாற்காரருக்குக் குழப்பமில்லை.
உள்ளே போனேன். பெட்டி பெட்டியாய்க் கொளுவிய சொற்கள்.
சரக்கு ரயில் போய் முடியும்வரை
கேற்றடியில் நிற்பதுபோல் நின்றேன்.
இருபது நிமிடம் அசையாமல் இருந்ததால்
பாதுகாப்புக் கருதி
அது என்னை வெளியே விட்டுக் கதவைச் சாத்தியது.

குகநேசனிடம் போயிருக்கலாம்.
ஹாகனில் பாதிப்பேர் அங்குதான்.
கடையின் பின்னறை, முருங்கைக்காய்ப் பெட்டிமேல் கணினி,
அறுபது யூரோ, தேத்தண்ணி தருவார்.
கெட்ட மனுசன் இல்லை.
ஆனால் அவருக்கு எல்லோருடைய சம்பளமும் தெரியும்.
என் வரிவகுப்பு ஐந்திலிருந்து ஒன்றானது தெரிந்தால்
வெள்ளிக்கிழமை கோயில் வரிசையில்
எனக்கு முன்னால் நிற்பவருக்கும் தெரியும்,
பின்னால் நிற்பவருக்கும் தெரியும்.

மூன்றாவதைத் தனுத்தா காட்டினாள்.
சலவைக்கூடத்தில், இடைவேளையில்,
சத்திரசிகிச்சைப் பச்சைத்துணி மூட்டையில் சாய்ந்துகொண்டு.
"பதினைந்து யூரோ. அனுப்பும்போது கட்டினால் போதும்.
மனுசர்மாதிரிக் கேட்கும்" என்றாள்.
எனக்குப் பிடித்தது விலையல்ல.
ஒவ்வொரு கேள்விக்கும் கீழே
சின்ன எழுத்தில் இப்படியொரு வரி:
இப்போது தெரியாவிட்டால் பிறகு சொல்லலாம்.
இந்த நாட்டில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

ஆடி இருபத்தெட்டு. கடைசி நாளுக்கு இன்னும் மூன்று நாள்.
இரவு பதினொன்றரைக்குத் தொடங்கினோம்,
நானும் அதுவும்.

வேலைக்கு எத்தனை கிலோமீற்றர்?
போய்வர நாற்பத்தெட்டு.
இல்லை, ஒருவழி மட்டும் என்றது.
கேள்விக்குறியைத் தொட்டுப் பார்த்தேன்.
போவதைத்தான் சட்டம் எண்ணுமாம்,
திரும்பி வருவதை எண்ணாதாம்.
இருபத்துநாலு என்று அடித்தேன்.
இரவுவேலை முடிந்து
ஸ்டேசன் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்து நின்ற
மற்ற இருபத்துநாலை
யார் கணக்கில் எழுதுவது?

வெளிநாட்டில் வசதியற்ற எவரையேனும் ஆதரிக்கிறீர்களா?
அம்மாவுக்கு மாதம் நூற்றியிருபது.
வங்கிச் சான்று வேண்டும்.
உண்டியலில் போன காசுக்குச் சான்று
போனில் வரும் ஒரு சொல்தான்: "கிடைச்சுது."
அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

மேல்மூலையில் ஒரு பச்சை எண்,
எனக்குத் திரும்பி வரக்கூடிய தொகை,
ஒவ்வொரு பதிலுக்கும் கொஞ்சம் ஏறிக்கொண்டிருந்தது.
பாதுகாப்புச் சப்பாத்துக்கு ஏறியது.
தொழிற்சங்கச் சந்தாவுக்கு ஏறியது.

நிரந்தரமாகப் பிரிந்து வாழ்பவரெனில்
எந்தத் திகதியிலிருந்து?
நாள், மாதம், ஆண்டு.

பிறகு சொல்லலாம் என்ற வரி இதற்குக் கீழேயும் இருந்தது.
அவர் பெட்டியோடு இறங்கிப்போனதா திகதி?
அதற்கு எவ்வளவோ முதல்
அரிசியில் அரைச் சுண்டு குறைத்துப் போட்ட நாளொன்று இருக்கிறது.
அதைச் சட்டம் எண்ணுமோ தெரியாது.
பெட்டியின் திகதியையே அடித்தேன்,
கார்த்திகை பதினாறு.
தங்கச்சிக்கும் சொல்லாததை
பதினைந்து யூரோ மென்பொருளுக்குச் சொன்னேன்.
பச்சை எண் அசையவில்லை.

நூற்றியெண்பத்தேழு யூரோ நாற்பது சதம்.
காசு கட்டினேன், அனுப்பினேன்.
எங்களுக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டது.
நாலு கொடுத்தேன்.
திரும்பி வந்த தூரத்துக்காக
ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்.

முடிவு தபாலில் வருமாம், ஆறேழு வாரத்தில்.
செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.
படியில் லைற் இரண்டு நிமிடத்தில் அணைந்துவிடும்.
கடிதப்பெட்டியில் அவர் பெயரை
நகத்தால் சுரண்டினேன்.
முதலெழுத்து மட்டும் வந்தது.